காவோலை வெயில்

அன்புள்ள அண்ணா,

களிமண் சிற்பத்தை வெட்டவெளியில் வைத்துச் சுட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெற்றோலும் நிலக்கரியும் எங்கிருந்து வந்தன என்று காட்டுவதற்கான சிற்பம், சரி. அதற்கு விறகு எரிக்கலாமா? வன்னியில் காடு குறைந்துகொண்டே போகிறதே.

வாசகி ஒருவர், வவுனியா

அன்புள்ள தங்கைக்கு,

நியாயமான கேள்வி. காட்டில் ஒரு கொப்புக்கூட வெட்டவில்லை. விழுந்த காவோலை, பனை மட்டை, முளைத்த பனங்கொட்டையின் உள்ளே இருக்கும் பூரானைத் தின்ன எடுத்தபின் மிஞ்சிய ஓடான ஊமல், இவைதான் விறகு. ஆனால் புகை வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அந்தச் சிற்பமே சூளை. ஆளுயரக் கூம்பு, உள்ளே வெறுமை, அடியில் இரண்டு அடுப்பு வாய். டென்மார்க் சிற்பி நினா ஹோல் பல நாடுகளில் செய்துகாட்டிய முறை இது. அவர் வெப்பம் தாங்கும் நார்ப்போர்வையால் சுற்றுவார். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. தகரத்தில் வைக்கோற்சேறு பூசிச் சுற்றிவர நிறுத்தினோம்.

முதல் நாள் முழுக்கச் சிறுதீதான். அவசரப்பட்டால் ஈரம் ஆவியாகி உள்ளேயே திமிறி மண்ணை வெடிக்கவைத்துவிடும். 500 பாகை செல்சியஸ் தாண்டும்போது மண்ணோடு பிணைந்திருந்த நீரும் போய்விடும். அப்புறம் எத்தனை மாரி நனைத்தாலும் அது சேறாகாது. இரண்டாம் நாள் இரவு நீளத் தடிகளால் தகரங்களைத் தள்ளினோம். கூம்பு முழுவதும் செம்மஞ்சளாகத் தகதகத்தது. பச்சை மண்ணில் அழுத்திய பன்ன (பெரணி) இலைகளின் நரம்புகூடத் தெரிந்தது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சதுப்புக் காடுகளில் அப்படிப்பட்ட செடிகளும் அவற்றின் உறவுகளும் மரங்களாக நின்றன, நிலக்கரியில் கணிசமான பங்கு அவற்றிலிருந்து வந்ததுதான். மேல் வரிசையில் சிப்பி அச்சுகள். எண்ணெயானது சிப்பி அல்ல, கடலில் மிதந்த நுண்ணுயிர்கள். அவற்றை அச்சில் பதிக்க முடியாதே.

1990க்குப் பிறகு, போரில் அரசு எங்கள் பகுதிக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரி கொளுத்திப் படித்தோம். பக்கம் புரட்டும் காற்றுக்கே சுடர் படுத்துவிடும். மண்ணெண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தாண்டிக்குளம் சோதனைச்சாவடியால் என்போம். அதற்கு அப்பால் அது எங்கே பிறந்தது என்று யோசித்ததில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் கடல்நீரில் ஏற்றும் விளக்கை முள்ளியவளையில் கைகூப்பிப் பார்த்திருக்கிறேன். கடலுயிர்கள்தான் எண்ணெயாயின என்று பள்ளியில் படித்த அன்று அந்த விளக்குத்தான் கண்ணில் வந்தது.

காவோலையில் இருப்பது சில வருடத்து வெயில். பனை அதைத் திரும்பத் தரும். மண்ணெண்ணெயில் இருப்பது கோடிக்கணக்கான வருடத்து வெயில், அதை ஒரு இரவில் எரித்துவிடுகிறோம். இரண்டும் நெருப்புத்தான், ஆனால் ஒன்றல்ல. அன்றிரவு பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் இதைத்தான் சொன்னேன்.

மாரிக்கு முன் இன்னொன்று சுடுவோம். அவசியம் வாருங்கள். வீட்டில் ஊமல் கிடந்தால் ஒரு சாக்குக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அண்ணா