கம்ப்ரசரை நிறுத்தினால் காசு கிடைக்குமா?

கேள்வி: உறைபொருள் கிடங்கு நடத்துகிறோம். மின்தேவை மிக அதிகமாக இருக்கும் உச்ச நேரத்தில், 100 கிலோவாட் இழுக்கும் எங்கள் கம்ப்ரசர்களை 2 மணி நேரம் நிறுத்தினால் ஊக்கத்தொகை தருவதாக மின்விநியோகத் தரப்பில் சொல்கிறார்கள். லாபம் உண்டா?

பதில்: உண்டு. உச்ச நேரத்துக்கென்றே கட்டிய மின்நிலையம் ஆண்டில் கொஞ்ச நேரம்தான் ஓடும். அதன் மொத்த முதலீட்டையும் அந்த நேரமே சுமக்க வேண்டும். நீங்கள் விட்டுக்கொடுக்கும் 100 கிலோவாட்டுக்கு மதிப்பு வருவது அதனால்தான். ஆனால் அந்த 2 மணி நேரத்துக்கான 200 யூனிட்டும் மிச்சம் என்று எண்ணாதீர்கள். பெரும்பகுதி முன்னாலோ பின்னாலோ செலவாகியே தீரும். கையில் நிற்பது கட்டண வித்தியாசமும் ஊக்கத்தொகையும்தான்.

மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் அறையை முன்கூட்டியே மைனஸ் 22 வரை இறக்குங்கள். நிறுத்திய நேரத்தில் கதவு திறக்கக் கூடாது. குளிரூட்டியில் படியும் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரும் ஓடக் கூடாது.

பலர் இடறுவது மறுபடி ஓட்டும்போதுதான். எல்லாக் கம்ப்ரசர்களும் ஒன்றாகக் கிளம்பினால் உங்கள் கிடங்கின் உச்சத் தேவை எகிறும். 15 அல்லது 30 நிமிடச் சராசரியில் அதை மீட்டர் பதிந்துவிட்டால், அந்த மாத டிமாண்ட் கட்டணமே (உச்சத் தேவையை வைத்து விதிப்பது) ஊக்கத்தொகையை விழுங்கிவிடலாம். ஒவ்வொன்றையும் 10 நிமிட இடைவெளியில் ஓட்டுங்கள். முதல் 1 மணி நேரம் முழுச் சுமை வேண்டாம்.

கையெழுத்துக்கு முன், குறைப்பை எந்த நாள்களின் பயன்பாட்டோடு ஒப்பிடுவார்கள் என்று கேளுங்கள். சரக்கு குறைந்த நாள்கள் அதில் சேர்ந்தால், நீங்கள் குறைத்ததில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது.