தவளைத் தோலில் மருந்து இருக்கிறதா? கேள்வி பதில்

சார், அழுக்குத் தண்ணீரில் கிடக்கும் தவளைக்குப் புண் வந்தால் சீழ் பிடிக்காதா?

மைக்கேல் சாஸ்லாஃபும் இதைத்தான் யோசித்தார். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுப்பார், தைப்பார், திரும்பத் தொட்டியில் விடுவார். அந்தத் தண்ணீரில் கிருமிக்குக் குறைவில்லை. ஆனாலும் தையல் போட்ட இடம் சுத்தமாக ஆறியது. தோலை ஆராய்ந்து 1987இல் இரண்டு பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டுகளை, வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 23 அமினோ அமிலங்கள். வைத்த பெயர் மகைனின். எபிரேயத்தில் 'மாகேன்' என்றால் கேடயம்.

கிருமியைக் கொல்வது நம் செல்லைக் கொல்லாதா?

பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்சுமை அதிகம், இந்தப் பெப்டைடுக்கு நேர்மின்சுமை. போய் ஒட்டிக்கொண்டு, சுருள் வடிவம் எடுத்து, சவ்வைப் பொத்தலாக்கிவிடும். நம் செல்லின் வெளிப்பக்கத்தில் அப்படி மின்சுமை இல்லை, கொலஸ்ட்ராலும் காக்கிறது. அதனால் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் அளவு கூடினால் நமக்கும் சேதம்தான்.

அப்புறம் ஏன் அண்ணா, மெடிக்கலில் இது கிடைக்கவில்லை?

எனக்கு மிகவும் வருத்தமான கதை இது. மகைனினைக் கொஞ்சம் மாற்றி, பெக்ஸிகனான் என்ற களிம்பு செய்தார்கள், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்காக. 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. 2016இல் வந்த சோதனை முடிவும் கைவிட்டது: மருந்து கலக்காத வெறும் களிம்பைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஊசியாகப் போடலாமே என்றால், ரத்தத்தில் உள்ள நொதிகள் பெப்டைடை வெட்டிவிடும். தயாரிப்புச் செலவும் அதிகம். கண்ணாடிக் குழாயில் கிருமியைக் கொன்றதும் 'புது மருந்து' என்று செய்தி போடுகிறார்கள். பாதி வேலைகூட அங்கே முடிந்திருக்காது.

நம் பக்கத்துத் தவளைகளில் ஏதாவது?

உண்டு. கேரளத் தவளை ஒன்றின் தோலிலிருந்து எடுத்த 'உருமின்' என்ற பெப்டைடு, 2017இல் வெளியானது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு. உருமி என்ற சுருள்வாளின் பெயர்தான் அது. எச்1 வகை ஃப்ளூ வைரஸின் மேற்புரதத்தில் எளிதில் மாறாத தண்டுப் பகுதியைப் பிடித்துச் சிதைக்கிறது. எலிகளைக் காப்பாற்றியது, மனிதர்களுக்கான மருந்தாக இன்னும் ஆகவில்லை.

அப்படியானால் தவளையைப் பிடித்துப் புண்ணில் தேய்க்கலாமா?

வேண்டாம் தம்பி, தயவுசெய்து. பல தவளைகளின் தோலில் நஞ்சும் சுரக்கும், சால்மோனெல்லா கிருமியும் இருக்கலாம். உருமினுக்காகக்கூடத் தவளையைக் கொல்லவில்லை. லேசான மின்தூண்டலில் சுரந்ததைச் சேகரித்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டார்கள். அமினோ அமில வரிசை தெரிந்துவிட்டால் மீதியை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம்.