ரத்ததானம் பற்றி வகுப்பில் பேச வேண்டும்

கேள்வி: கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறேன். சக மாணவர்களை ரத்ததானம் செய்யத் தூண்டும்படி வகுப்பில் 5 நிமிடம் பேச வேண்டும். தகவல்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. எதை வைப்பது, எதை விடுவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ரத்ததானம் நல்லது என்பதை உங்கள் வகுப்பில் எவரும் மறுக்கப் போவதில்லை, ஆகவே அதன் பெருமையை இரண்டு வரிகளில் முடித்துவிடுங்கள். ஊசி வலிக்குமோ, உடம்பு தளர்ந்துவிடுமோ, வீட்டில் திட்டுவார்களோ என்ற தயக்கங்களே அவர்களைத் தடுப்பதால், பேச்சின் பெரும்பகுதி அவற்றுக்கு விடை சொல்வதாக அமையட்டும். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்க, முகாமில் எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர்தான் என்று கூறி, அவ்வளவு தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினால், பத்து வாக்கியங்களால் ஆகாத காரியம் ஆகிவிடும். 18 வயதும், குறைந்தது 45 கிலோ எடையும், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம் ஹீமோகுளோபினும் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முகாமில் திருப்பி அனுப்பப்படும் தோழி அதை அவமானமாக எண்ண மாட்டார்.

திருக்குறளில் தொடங்குவது உங்கள் விருப்பம். எல்லோரும் அப்படியே தொடங்குவதால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தோன்றவில்லை. முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாமல், குறிப்புகளை மட்டும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு, வீட்டில் வாய்விட்டுப் பேசிக் கடிகாரத்தைப் பாருங்கள். முடிக்கும்போது ‘சிந்தியுங்கள்’ என்று பொதுவாக விட்டுவிடாமல், அடுத்த முகாமின் தேதியைச் சொல்லி, பெயர் எழுதுவதற்கான தாளை முதல் வரிசையில் கொடுத்துவிட்டு அமருங்கள்.