மென்சுரல் கப்: எடுக்க வராமல் தவித்தேன், விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 24, திருமணம் ஆகவில்லை. திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நாப்கின் உரசி தொடையிடுக்கில் புண்ணாவதால், யோனிக்குள் வைத்து மாதவிடாய் ரத்தத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணமான மென்சுரல் கப் வாங்கினேன். முதல் மாதம் உள்ளேயே போகவில்லை. இரண்டாம் மாதம் போனது, ஆனால் இரண்டு மணி நேரத்தில் கசிந்துவிட்டது. எடுக்கும்போது கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு விரலுக்கு அகப்படாமல் அரை மணி நேரம் தவித்து அழுதேன். உள்ளே போய் மாட்டிக்கொள்ளுமா? கன்னித்திரை கிழிந்திருக்குமா? இது எனக்கு ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சிக்கல்களுமே கப் பழகும் பெண்களுக்கு வழக்கமாக வருபவை. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

முதலில் அந்த அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பைத் தூக்கிப் போட வைப்பது பெரும்பாலும் அந்தப் பயம்தான். யோனி என்பது மேல்பக்கம் மூடிய பை போன்றது. நீளம் சுமார் 7 முதல் 10 செ.மீ. அதன் முடிவில் இருக்கும் கருப்பை வாயின் துளை மிகச் சிறியது. ரத்தம் வழிந்து வரலாம், கப் அதற்குள் போகவே முடியாது. ஆகவே கப் கொஞ்சம் மேலே ஏறலாமே தவிர, தொலைந்துபோக இடமில்லை.

பிறகு ஏன் காம்பு அகப்படவில்லை? பயந்தால் இடுப்பு அடித்தளத் தசைகள் இறுகும். இறுகும் தசை கப்பை மேலே தூக்கும். அவசரமாகத் துழாவினால் இன்னும் இறுகும். அப்படி ஆனால் கையை எடுத்துவிட்டு, தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். அதன்பின் குந்தி உட்காருங்கள். நம்மூர் இந்தியன் டாய்லெட்டில் உட்காரும் நிலைதான் இதற்கு மிக நல்லது, யோனிப் பாதை குறுகி கப் கீழே வரும். மலம் கழிக்க முக்குவதுபோல் மெதுவாக மூன்று நான்கு முறை முக்குங்கள். காம்பு விரலில் படும். அதை இழுக்காதீர்கள், அதைத் தடவியபடி மேலே போய் கப்பின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். அங்கே வழுக்காமல் இருக்க வரிவரியாக மேடு இருக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த இடத்தைக் கிள்ளி அழுத்தினால் காற்று உள்ளே போய், கப்பை யோனிச் சுவரோடு ஒட்ட வைத்திருக்கும் காற்றுப்பிடி விடும். சில சமயம் சின்னதாகச் சத்தம்கூடக் கேட்கும். பிறகு இடமும் வலமுமாக அசைத்து இறக்கி, யோனி வாசலுக்கு வந்ததும் லேசாகச் சாய்த்து விளிம்பின் ஒரு பக்கத்தை முதலில் வெளியே கொண்டுவாருங்கள். வலி குறையும். கிள்ளியும் பிடி விடாவிட்டால், கப்பின் பக்கவாட்டில் ஒரு விரலை மேலே ஏற்றி விளிம்பை உள்நோக்கி அழுத்துங்கள்.

காம்பை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. காற்றுப்பிடி விடாமல் இழுத்தால், யோனிச் சுவரையும் கருப்பை வாயையும் சேர்த்து இழுக்கிறீர்கள். மாதாமாதம் அப்படிச் செய்தவர்களில் சிலருக்குக் கருப்பை இறக்கம் ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை, 12 மணி நேரமும் ஆகிவிட்டது என்றால் மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். சில நிமிட வேலை. கூச்சப்பட்டு இரண்டு நாள் உள்ளேயே விடுவதுதான் ஆபத்து.

இனி, முதல் மாதம் ஏன் உள்ளே போகவில்லை என்பதற்கு வருவோம். பலரும் கப்பை நேர்மேலே தள்ளுகிறார்கள். யோனி நேர்மேலே போவதில்லை, பின்பக்கமாகச் சாய்ந்து முதுகின் அடிப்பகுதியை நோக்கிப் போகிறது. மேலே தள்ளினால் முன்சுவரில் முட்டி வலிக்கும். வால் எலும்பைக் குறிவைத்துத் தள்ளுங்கள். மடிக்கும் விதமும் முக்கியம். கப்பை நசுக்கி ‘C’ வடிவத்தில் மடித்தால் முனை அகலமாக இருக்கும். உங்களைப் போலப் புதிதாகப் பழகுபவர்கள், விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் கப்புக்குள் அமுக்கி, இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் மடிப்பை எடுங்கள். முனை கூம்பாகிவிடும். விளிம்பைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும், எண்ணெய் கலக்காத, தண்ணீரால் ஆன வழுக்கு ஜெல்லியைத் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மாதவிடாய் இல்லாத நாளில் பழகிப் பார்க்காதீர்கள், ஈரம் குறைவாக இருப்பதால் எரியும்.

உள்ளே போனபின் கையை எடுத்துவிடாமல், கப்பின் அடியைச் சுற்றி ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் விரிந்துவிட்டது. பள்ளம் தட்டுப்பட்டால் இன்னும் மடிந்தே இருக்கிறது. அடியைப் பிடித்து லேசாகத் திருப்புங்கள், அல்லது அரை அங்குலம் கீழே இழுத்து விடுங்கள், விரிந்துகொள்ளும்.

உங்கள் கசிவுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த முறை கசிந்தால் கப்புக்குள் பாருங்கள். ஏறக்குறைய காலியாக இருந்தால், கப் விரியவில்லை, அல்லது கருப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. நிரம்பியிருந்தால் விஷயம் வேறு. பல கப்களின் கொள்ளளவு 15 முதல் 30 மில்லி. ஒரு மாதவிடாய் முழுவதற்கும் சேர்த்துப் போகும் ரத்தமே சராசரியாக 30, 40 மில்லிதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு. இரண்டு மணி நேரத்தில் கப் நிரம்புகிறது என்றால் கப்பை மாற்றுவதைவிட ஹீமோகுளோபின் பரிசோதனையும் மருத்துவரின் ஆலோசனையும்தான் முதலில் தேவை. நாப்கினில் தெரியாத இந்தக் கணக்கு கப்பில் தெரிந்துவிடுகிறது என்பது பெரிய நன்மை.

அளவு வாங்கும்போது ‘பிரசவத்துக்கு முன் சிறியது, பின் பெரியது’ என்று மட்டும் கடையில் சொல்வார்கள். அது போதாது. மாதவிடாயின் இரண்டாம் நாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மூக்கு நுனி போல உருண்டையாகத் தட்டுப்படுவது கருப்பை வாய். விரலின் முதல் கணு வரை போனதுமே தட்டுப்பட்டால் குட்டையான கப் வேண்டும். இரண்டு கணு என்றால் நடுத்தர நீளம். விரல் முழுக்கப் போயும் எட்டவில்லை என்றால் நீளமான கப் வாங்குங்கள், காம்பையும் வெட்டாதீர்கள்.

கன்னித்திரையைப் பற்றி: அது மூடி அல்ல. வாசலைச் சுற்றியிருக்கும், நீளக்கூடிய சதை வளையம். நடுவில் திறப்பு இருப்பதால்தான் மாதவிடாய் ரத்தமே வருகிறது. கப் அதைக் கொஞ்சம் விரிக்கலாம், சிலருக்கு லேசாகக் கீறவும் செய்யலாம். அதனால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவரா என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தகைய சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அதைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு விரல்கூடப் போகாமல் தசை இறுகிக் கடுமையாக வலித்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். அது சிகிச்சையால் சரியாகக்கூடியது, மருத்துவரைப் பாருங்கள்.

2019-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் 43 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையிலும், கப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும் என்றே இருக்கிறது. இரண்டாவது மாதத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். நான்காவது, ஐந்தாவது மாதம் வரை பாருங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் நாளில் பழகுங்கள். வேலை நாளில் மெல்லிய பருத்தித் துணி பேடையும் சேர்த்து வையுங்கள், தொடைப் புண்ணும் ஆறும். பழகிவிட்டால் காலையில் வைத்துவிட்டு ஷிப்ட் முடிந்து வந்து எடுத்தால் போதும், நிறுவனத்துக் கழிப்பறையில் மாற்றவே தேவையிருக்காது. உதிரம் மிகுந்த நாளில் மட்டும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போய், கொட்டி, அலசி, திரும்ப வைக்கலாம். அதற்கு முன் கை கழுவுவதைத் தவறவிடாதீர்கள்.

ஒவ்வொரு மாதவிடாய் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும், கப் முழுகும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள், தண்ணீர் வற்றினால் கப்பின் சிலிக்கோன் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் கருகிவிடும். போர்வெல் தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெள்ளை உப்புப் படியும், குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். டெட்டால், வாசனைச் சோப்பு எதுவும் வேண்டாம். விளிம்புக்குக் கீழே உள்ள சின்னத் துளைகள் அடைத்திருந்தால் கப்பில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையால் வாயை மூடி அழுத்துங்கள், அடைப்பு பீய்ச்சி வெளியேறும். காய்ந்தபின் துணிப்பையில் வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் வேண்டாம்.

பின்னாளில் காப்பர்-டி போட நேர்ந்தால், கப் பயன்படுத்துவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், இழுக்கும்போது அதுவும் நகர வாய்ப்புண்டு. பிரசவமானால் ஆறு வாரம் கழித்தே மீண்டும் தொடங்க வேண்டும். கப் வைத்திருக்கும்போது திடீரென்று அதிகக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் கருகியது போன்ற தோல் சிவப்பு, தலைசுற்றல் வந்தால் அது மிக அரிதான, ஆனால் உயிருக்கே ஆபத்தான, பாக்டீரியாவின் நச்சால் வரும் நச்சு அதிர்ச்சியாக (டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்) இருக்கலாம். உடனே கப்பை எடுத்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கப் வைத்திருந்ததையும் அங்கே சொல்லுங்கள்.