இங்கிலாந்துப் பண்ணைவீட்டில் கோயில் ஜன்னல் எப்படி வந்தது?

பழைய ஆங்கிலேயப் பண்ணைவீடு ஒன்றின் படத்தில், சமையலறைச் சுவரில் தேவாலயத்தில் இருப்பதுபோல் கூர்வளைவு ஜன்னல் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது ஒருகாலத்தில் துறவிமடத்தின் சொத்தாக இருந்த இடமாக இருக்கலாம்.

சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவுசபையின் துறவிகள் தொலைவிலிருந்த நிலங்களைத் தனிப் பண்ணைகளாக நடத்தினார்கள். அதற்குப் பெயர் கிரேஞ்ச். அங்கே கூடம், சில இடங்களில் சின்ன ஜெபக்கூடம், அப்புறம் தானியக் களஞ்சியம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் கிரேட் காக்ஸ்வெல்லில் ப்யூலி என்ற சிஸ்டர்சியன் மடத்தின் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1290களில் கட்டியது, 152 அடி நீளம். உள்ளே ஆளுயரக் கல்பீடங்களின் மேல் ஓக் தூண்கள். நெல்குதிர் என்று நினைத்து நுழைந்தால் பேராலயம் மாதிரி இருக்கும்!

1536 முதல் 1540க்குள் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். நிலம் தனியார் கைக்குப் போனது. வாங்கியவர்கள் கட்டடத்தை இடிக்காமல் குடியேறினார்கள், அல்லது மடத்துக் கல்லைப் பெயர்த்து வீடு கட்டினார்கள். அதனால் ஜன்னல் இருக்கிறது என்பதற்காக மட்டும் வீடே மடம் என்று சொல்லிவிடக் கூடாது.

வீடு உண்மையில் இடைக்காலத்தைச் சேர்ந்ததா என்று அறிய, நான் முதலில் பார்ப்பது கூரைக்கடியில் இருக்கும் பரணைத்தான். இடைக்காலக் கூடத்துக்கு மாடி கிடையாது. நடுத்தரையில் தீ எரியும், புகை கூரை வழியே போகும். புகைபோக்கியும் மாடியும் பின்னால் செருகியவை. ஆனால் பரணில் கைமரங்கள் இன்னும் கரியேறிக் கறுத்திருக்கும். சில வீடுகளில் புது மாடித்தளம் பழைய ஜன்னலைக் குறுக்கே வெட்டும்: வளைவின் நுனி படுக்கையறையில், அடிப்பாகம் கீழே சமையலறையில்.