15-ஆம் தேதி வரையா, 15-ஆம் தேதிக்குள்ளா? ‘பை’ என்ற ஆங்கிலச் சொல் படுத்தும் பாடு

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ‘வீ வில் டிஸ்பாட்ச் த சாம்பிள்ஸ் டில் ஃபிஃப்டீன்த்’ என்று இங்கிலாந்து பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் போட்டேன். “15-ஆம் தேதியோடு நிறுத்திவிடுவீர்களா?” என்று பதில் வந்தது. ‘டில்’ தப்பு, ‘பை’ போடு என்கிறார் மேலாளர். ‘பை’ என்றால் ‘ஆல்’ என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தச் சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

பதில்: மேலாளர் சொன்னது சரி. பையர் கேட்டதும் நியாயம்தான். நீங்கள் எழுதியதன்படி, 15-ஆம் தேதி வரை சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள், அதற்குப் பிறகு அனுப்ப மாட்டீர்கள். நீங்கள் சொல்ல நினைத்ததோ, 15-ஆம் தேதிக்குள் அனுப்பி முடித்துவிடுவோம் என்பது.

பள்ளியில் செயப்பாட்டு வினைக்காக ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று மனப்பாடம் செய்கிறோம். அது இந்தச் சொல்லின் ஒரு முகம்தான். இதன் பழைய பொருள் ‘பக்கத்தில்’. ஊருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் போகும் சாலை பைபாஸ் ஆனதும், முதன்மைப் பொருளோடு பக்கத்தில் கிடைப்பது பை-ப்ராடக்ட் ஆனதும் அதனால்தான். (சங்கங்களின் விதிமுறையைக் குறிக்கும் ‘பைலா’ மட்டும் வேறு வம்சம். டெர்பி, விட்பி என்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் கடைசியில் வரும் ‘பி’யைப் போல, ஊர் என்று பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.)

ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, மனதில் ஓடும் தமிழ் வாக்கியத்தின் உருபைக் கவனிப்பது எளிது. காலத்தில் வரும் குழப்பம் முழுக்க ‘வரை’, ‘க்குள்’ இரண்டில் அடங்கிவிடும். ‘வரை’ என்று வந்தால் ‘டில்’ அல்லது ‘அன்டில்’. காத்திருப்பது, தங்குவது, திறந்திருப்பது போல நீண்டுகொண்டே போகும் வேலைகளுக்கு இது. ‘க்குள்’ என்று வந்தால் அனுப்புவது, கட்டுவது, முடிப்பது போல ஒரு முறை நடந்து முடிகிற வேலை. அங்கே ‘டில்’ உதவாது.

ஆனால் ‘க்குள்’ளிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ‘திங்கட்கிழமைக்குள்’, ‘மூன்று நாளைக்குள்’ இரண்டுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் அப்படியில்லை. தேதி, கிழமை, மணி என்று காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளியாக இருந்தால் ‘பை மண்டே’. நாள், வாரம் என்று எண்ணக்கூடிய அளவாக இருந்தால் ‘விதின் த்ரீ டேஸ்’. நம் அலுவலக மெயில்களில் அடிக்கடி தென்படும் ‘விதின் மண்டே’ இந்த ஒற்றை உருபின் கோளாறு. ‘க்குள்’ளுக்கு முன்னால் ஒரு வினை வந்தால், அதாவது ‘லாரி தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள்’ என்றால், ‘பை த டைம் த டிரக் ரீச்சஸ் தூத்துக்குடி’. அங்கே ‘வில் ரீச்’ போடக் கூடாது.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘வீ வில் நாட் ஷிப் அன்டில் ஃபிஃப்டீன்த்’ என்றால் 15-ஆம் தேதிக்கு முன் அனுப்ப மாட்டோம், அதன்பின் அனுப்புவோம். ‘வீ வில் நாட் ஷிப் பை ஃபிஃப்டீன்த்’ என்றால் 15-ஆம் தேதிக்குள் அனுப்ப முடியாது, தாமதமாகும். முதலாவது திட்டம், இரண்டாவது தவறிய கெடு. பையர் இரண்டுக்கும் ஒரே பதில் தர மாட்டார்.

‘பை ஃபிஃப்டீன்த்’ என்றால் 15-ஆம் தேதியும் சேர்த்தியா? வழக்கத்தில் சேர்த்திதான். ஆனால் அபராதம், எல்.சி. (வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) என்று பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வழக்கத்தை நம்பாதீர்கள். ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று எழுதிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. நேரமும் குறிப்பிட வேண்டியிருந்தால் எந்த ஊர் நேரம் என்று சேர்த்தே எழுதுங்கள். இங்கிலாந்து நம்மைவிடக் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ‘பை 5 பி.எம்.’ என்று மொட்டையாக விட்டால், அவர்களுக்கு மாலை 5 மணி ஆகும்போது நமக்கு ராத்திரி ஒன்பதரையோ பத்தரையோ ஆகியிருக்கும்.

அடுத்தது எண்கள். தேதித் தவறு ஒரு மெயிலோடு போய்விடும், இங்கே நடக்கும் தவறு பணத்தைத் தின்றுவிடும். 1,000 பீஸ் ஆர்டரை ‘ரெட்யூஸ் பை 200’ என்று எழுதினால் மிச்சம் 800. ‘ரெட்யூஸ் டு 200’ என்று எழுதினால் மிச்சமே 200தான். தமிழில் ‘200 குறையுங்கள்’, ‘200ஆகக் குறையுங்கள்’ என்கிறோம். ‘ஆக’ வந்தால் ‘டு’, வராவிட்டால் ‘பை’. முதல் வாக்கியத்தில் தமிழுக்கு உருபே தேவைப்படாததால், ஆங்கிலத்திலும் பலர் ஒன்றும் போடாமல் ‘ரெட்யூஸ் 200 பீசஸ்’ என்று விட்டுவிடுகிறார்கள். படிப்பவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

போனில் பேசும்போது வேறொரு ஆபத்து. நாம் முக்காலை ‘த்ரீ பை ஃபோர்’ என்று வாசிக்கிறோம். ஓட்டலில் ‘ஒன் பை டூ காபி’ கேட்கும் பழக்கமும் இதே வகுத்தல் கணக்குத்தான். ஆனால் இங்கிலாந்துக்காரர் காதில் ‘த்ரீ பை ஃபோர்’ என்பது நீள அகலம்: மூன்றுக்கு நான்கு. முக்கால் அங்குல எலாஸ்டிக்கை ‘த்ரீ பை ஃபோர் இஞ்ச்’ என்று சொன்னால், மூன்றுக்கு நான்கு அங்குலத்தில் ஏதோ ஒரு துண்டு என்றுதான் அவர் குறித்துக்கொள்வார். ‘த்ரீ குவார்ட்டர்ஸ் ஆஃப் அன் இஞ்ச்’ என்று சொல்லுங்கள். முக்கால் கை சட்டைக்கு ‘த்ரீ-குவார்ட்டர் ஸ்லீவ்’. லேபிளின் நீள அகலம் சொல்லும்போது மட்டும் ‘த்ரீ பை ஃபோர்’ தாராளமாக வரலாம்.

இனி நீங்கள் படித்த ‘ஆல்’. ‘டெய்லரால் வெட்டப்பட்டது’, ‘கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது’ இரண்டிலும் நமக்கு ‘ஆல்’ போதும். ஆங்கிலம் ஆளையும் கருவியையும் பிரிக்கிறது: ஆளுக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’. ‘கட் பை சிசர்ஸ்’ என்று எழுதினால் யாரும் புரியாமல் போக மாட்டார்கள், ஆனாலும் அது பிழை. கையின் விஷயம் கொஞ்சம் தனி. ‘மேட் பை ஹேண்ட்’ என்றால் கையால் செய்தது. ‘சென்ட் பை ஹேண்ட்’ என்றால் தபாலிலோ கூரியரிலோ போடாமல் ஆள் மூலம் நேரில் கொடுத்தனுப்பியது. டி.எச்.எல். கூரியரில் போட்ட சாம்பிளுக்கு இதை எழுதிவிட்டால், யார் கொண்டுவருகிறார் என்று அங்கே விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

போக்குவரத்தில் ‘பை ஏர்’, ‘பை சீ’, ‘பை கார்’. நடுவில் ‘த’வும் கூடாது, ‘மை’யும் கூடாது. என் காரில் என்றால் ‘இன் மை கார்’. நடந்து என்பதற்கு ‘பை வாக்’ கிடையாது, ‘ஆன் ஃபுட்’. எடைக்கு ‘பை வெய்ட்’, ஆனால் கிலோ கணக்கில் என்றால் ‘பை த கிலோ’, அங்கே ‘த’ கட்டாயம். ‘பை மிஸ்டேக்’ சரி, ‘பை மிஸ்டேக்லி’ என்று ஒன்று கிடையாது. தனியாகச் செய்தேன் என்பதற்கு ‘பை மைசெல்ஃப்’ அல்லது ‘ஆன் மை ஓன்’. இரண்டையும் கலந்து ‘பை மை ஓன்’ ஆக்கிவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டும் முக்கியம். பி-ஒய் என்றால் நாம் பேசும் ‘பை’, பி-யு-ஒய் என்றால் வாங்குவது, பி-ஒய்-இ என்றால் விடைபெறுவது. மூன்றும் ஒரே ஒலி என்பதால், அவசரத்தில் விரல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அடித்துவிடும். மூன்றுமே சரியான சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு விழும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் பையருக்கு இன்றே இப்படி ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: ‘வீ வில் டிஸ்பாட்ச் ஆல் த சாம்பிள்ஸ் பை ஏர் ஆன் ஆர் பிஃபோர் த ஃபிஃப்டீன்த்’. ‘எல்லா’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஆல்’ சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். சாம்பிள் பாதி போய்ப் பாதி நிற்காது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.