நர்சரி சீட்டுக்கு நன்கொடை கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். டெல்லி மயூர் விஹாரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று வயது மகளுக்குப் பக்கத்திலேயே உள்ள தனியார் பள்ளியில் நர்சரிக்கு விண்ணப்பித்தோம். "சும்மா பேசிப் பார்க்கத்தான்" என்று எங்களையும் குழந்தையையும் வரச்சொல்லி, என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் என்ன பாஷை என்றெல்லாம் விசாரித்தார்கள். பட்டியலில் மகள் பெயர் வரவில்லை. வீட்டுத் தூரம் போன்றவற்றுக்குத் தரும் பாயிண்ட்டை வைத்துத்தான் சேர்க்கை; ஆனால் யாருக்கு எத்தனை பாயிண்ட் என்றும் போடவில்லை. பிறகு பள்ளியிலிருந்து ஒருவர் போன் செய்து, கட்டட நிதிக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தால் சீட் உண்டு என்றார். கேஸ் போடலாமா?

பதில்: போடலாம். அதற்கு முன் ஒன்று: அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

சிக்கல் உங்கள் மகளின் வயதில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கண்டிப்பானது. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால், வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. தலைமை நீதிபதி டி. முருகேசன் தலைமையிலான டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2013-இல் இதைச் சுட்டிக்காட்டி, நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்கள் நீங்கலாக, தனியார் பள்ளி நர்சரிக்கு வடிகட்டல் தடை பொருந்தாது என்றது. நர்சரியையும் சட்டத்துக்குள் கொண்டுவருவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஓட்டை அடைபடவில்லை. 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் ஓர் ஆணை போட்டார். நூறு பாயிண்ட்டில் எழுபது அருகில் வசிப்போருக்கு, பள்ளி நிர்வாகம் தன் விருப்பப்படி நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடு கிடையாது என்றது அது. பள்ளிகளின் தன்னாட்சியை வெறும் அலுவலக ஆணையால் கட்டுப்படுத்த முடியாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று சொல்லி 2014 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் டெல்லி சட்டமன்றம் நர்சரி வடிகட்டலைத் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. ஒப்புதல் வராமல் அது கிடப்பில் போனது. அதைத் துரிதப்படுத்தக் கோரிய வழக்கை, சட்டம் கொண்டுவரும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆணையால் முடியாது, சட்டமோ வரவில்லை. இடையில் மாட்டிக்கொள்வது மூன்று வயதுக் குழந்தைகள். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். நாடாளுமன்றம் அந்த வயது வரம்பைக் கீழே இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரை உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். 2016 ஜனவரியில் டெல்லி அரசு, தனியார் பள்ளிகள் பயன்படுத்திய 62 தேர்வு அளவுகோல்களையும் நிர்வாக ஒதுக்கீட்டையும் நீக்கியது. அடுத்த மாதம் உயர் நீதிமன்றம், அவற்றில் 11 அளவுகோல்களை நீக்கியதற்கும் நிர்வாக ஒதுக்கீட்டை ரத்து செய்ததற்கும் மட்டுமே தடை விதித்தது. நேர்காணல், வாய்மொழித் தேர்வு, பெற்றோரின் படிப்பு போன்றவை விலக்கப்பட்டவையாகவே நிற்கின்றன. வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னதற்கு நீங்கள் கூசத் தேவையில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதற்குப் பள்ளிதான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைத்த பாயிண்ட்டை இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் டெல்லி அரசின் கல்வி இயக்ககத்தின் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே உள்ளது. நன்கொடைக்கு 13-ஆம் பிரிவு நர்சரியில் செல்லாது என்று பள்ளி வாதாடலாம். ஆனால் கல்வியை வியாபாரமாக்கக் கூடாது, அதைத் தடுக்கக் கல்வி இயக்குநருக்கு அதிகாரம் உண்டு என்று 2004-இல் மாடர்ன் ஸ்கூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் வாதம் அதன்மேல் நிற்கும்.

இன்றே பள்ளியின் இணையதளப் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். மகளின் பாயிண்ட் கணக்கைக் கேட்டு முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் பேச்சு பதிவாகியிருந்தால் அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, மின்னணு ஆதாரங்களுக்குத் தேவைப்படும், பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவுச் சான்றும் சேர்க்க வேண்டும். இவற்றோடு உங்கள் மாவட்டக் கல்வித் துணை இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முகவரிச் சான்றாகக் கொடுத்த ஆதாரில் இன்னும் அம்பாசமுத்திரம் முகவரி இருந்தால், பக்கத்திலேயே வசித்தும் தூரத்துக்கான பாயிண்ட் போய்விடலாம். உடனே பாருங்கள். அதனால்தான் பெயர் வரவில்லை என்றால் வழக்கின் திசையே மாறும்.

சில நாட்களில் புகாருக்கு அசைவு இல்லையென்றால் காத்திருக்காமல் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பு தன் கடமையைச் செய்ய உத்தரவு கேட்கும் மனு) போடுங்கள். கல்வி இயக்ககத்தையும் பள்ளியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, தீர்ப்பு வரும்வரை ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்கும்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள். வகுப்பு தொடங்கி இடங்கள் நிரம்பிய பிறகு வென்றாலும் சீட் கிடைப்பது கடினம்.